உயரம் பாய்கிறவர்களைத் தேடிக் கொழும்புக்கு

நவம்பர் 6, புதன் – வெள்ளவத்தை, புறக்கோட்டை

யாழ்ப்பாணத்தில் இருந்து புறப்பட்ட இரவு பஸ்ஸில் ஏசியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்டேன். நடத்துநர் தம்பி மிகவும் மரியாதையாக "சரி அக்கா" என்று சொல்லிவிட்டு ஒரு போர்வையைக் கொண்டுவந்து தந்தார். ஏசி குறையவில்லை. முறிகண்டியில் இறங்கி நின்ற கொஞ்ச நேரத்தில்தான் உடம்பு சூடு கண்டது. முந்தியெல்லாம் அங்கே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க ஆட்கள் முண்டியடிப்பார்கள். இப்போது தேங்காய் விற்கிற விலைக்குப் பலர் கற்பூரத்தோடு முடித்துக்கொண்டு கச்சான் கடைப் பக்கம் போய்விடுகிறார்கள். நானும் 200 ரூபாய்க்குக் கச்சான் வாங்கினேன். கொழும்பு வரை காணும் என்று நினைத்தது வவுனியாவோடு தீர்ந்தது.

வெள்ளவத்தையில் இறங்கும்போது விடியவில்லை. மழை மட்டும் வந்துவிட்டது. மச்சாள் வீடு நாலாம் மாடி, லிஃப்ட் பழுது. மூச்சு வாங்கிக்கொண்டு போய்க் கதிரையில் இருந்ததும் இடியப்பமும் சம்பலும் வந்தன. சம்பலில் தேங்காய்ப்பூவைவிட வெங்காயம் கூட. நான் ஒன்றும் கேட்கவில்லை. "தேங்காய் 160 ரூபா, தெரியுமோ?" என்று அவளே சொன்னாள். அப்புறம், "முத்திரை வாங்கவோ இவ்வளவு தூரம் வந்தனீ?" என்று கேட்டாள்.

ஆமாம், முத்திரை வாங்கத்தான். நான் சேர்ப்பது விளையாட்டுத் தபால் முத்திரைகள். அதிலும் ஒலிம்பிக், அதிலும் உயரம் பாய்தல். ஒலிம்பிக் முத்திரைகளின் கதை 1896இல் கிரேக்கத்தில் தொடங்குகிறது. ஏதென்ஸில் முதலாவது நவீன ஒலிம்பிக்கை நடத்தக் காசு போதாமல் இருந்த நேரத்தில் பன்னிரண்டு முத்திரைகளை வெளியிட்டார்கள். அதில் வந்த வருமானமும் கைகொடுத்தது. இப்போது நாங்கள் ஒலிம்பிக் என்றதும் நினைக்கிற ஐந்து வளையங்கள் அவற்றில் கிடையாது. நவீன ஒலிம்பிக்கைத் தொடக்கிவைத்த குபேர்த்தான் அந்த வளையங்களை வரைந்தது 1913இல்தான். இதையெல்லாம் மச்சாளுக்குச் சொன்னேன். அவள் எனக்கு இன்னும் கொஞ்சம் சொதி ஊற்றினாள்.

பத்து மணிக்கு மழை விட்டதும் காலி வீதியில் பஸ் ஏறிப் புறக்கோட்டை. மெயின் வீதியில் நடப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது: மூட்டை சுமக்கிற நாட்டாமிமார் வண்டியைத் தள்ளிக்கொண்டு "சைட், சைட்" என்று கத்தும்போது எந்தப் பக்கம் என்று யோசிக்கக் கூடாது, அப்படியே கடைக்குள் ஏறிவிட வேண்டும். அப்படி ஏறியதில் ஒரு ரெக்சைன் கடை, ஒரு பிளாஸ்டிக் வாளிக் கடை, ஒரு குடைக் கடை எல்லாம் பார்த்தாயிற்று. குடைக் கடையில் 1,200 சொன்ன குடையை 900க்கு வாங்கினேன். பக்கத்துக் கடையில் அதே குடை 750.

நான் தேடிப் போன கடை ஒரு குறுக்குத் தெருவில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. முன்பக்கம் கைக்கடிகாரம் திருத்துகிறார்கள். பின்பக்கம் பழைய நாணயமும் முத்திரையும். ஒருவர் இருந்தால் இன்னொருவர் நிற்கத்தான் இடம். கடைக்காரர் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் இப்படித்தான் கூப்பிடுவோம்), வெள்ளைத் தொப்பி, மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடி.

"வாங்க மிஸ். என்ன நாடு?"

"நாடு இல்லை நானா, விளையாட்டு. ஒலிம்பிக்."

அவர் முகத்தில் ஒரு சின்னச் சலிப்பு தெரிந்தது. மேல் தட்டில் இருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கி முன்னால் வைத்தார். திறந்தால் அஜ்மான், புஜைரா, ஷார்ஜா, உம்முல் குவைன். பளபளவென்று பெரிய பெரிய முத்திரைகள்: குதிரை ஓடுகிறது, ஈட்டி பறக்கிறது, ஒருவர் கம்புக்கு மேலே தொங்குகிறார். சின்ன வயதில் பத்து சதத்துக்கு ஐந்து என்று வாங்கிய அதே சாமான். 1960களில் ஆரம்பித்து 1970களின் தொடக்கம் வரை, வளைகுடாவின் அந்தச் சின்னச் சின்ன அமீரகங்களின் பெயரில் வெளிநாட்டு வியாபாரிகள் அடித்துத் தள்ளியவை இவை. அந்த ஊர்ச் சனம் எழுதிய கடிதங்களைவிட அந்த ஊர்ப் பெயரில் வந்த ஒலிம்பிக் முத்திரைகள் கூட என்று சொன்னால் நம்பலாம். ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கத்தில் மூலையில் அழகாகக் கால்வட்டம் சீல். பின்பக்கத்தில் பசை அப்படியே மினுங்குகிறது. அதாவது கடிதம் ஒன்றில் ஒட்டாமலே, தபால் பெட்டியைக் காணாமலே, அச்சகத்திலேயே சீல் குத்திவிட்டார்கள்.

"இது வேண்டாம் நானா. கடிதத்தில் ஒட்டிப் போனது இருக்கா? உறையோட?"

இப்போதுதான் அவர் மேல்கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நீங்க சேர்க்கிற ஆள்" என்றார். பிளேன்ரீ வந்தது. காசு வாங்க மறுத்துவிட்டார். உறைகள் வீட்டில் இருப்பதாகவும், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கடை திறப்பதில்லை, சனிக்கிழமை கொண்டுவந்து வைப்பதாகவும் சொன்னார். அதோடு கொட்டாஞ்சேனையில் ஒரு மாஸ்ரரின் தொலைபேசி எண்ணையும் எழுதித் தந்தார். "அவர் விக்கமாட்டார். ஆனா பாக்கலாம். பாக்கிறதுக்குக் காசில்லைதானே."

செட்டியார் தெருப் பக்கம் ஒரு சைவக் கடையில் சோறு 380 ரூபாய். வாழைக்காய்ப் பொரியல் நன்றாக இருந்தது. எதிரில் இருந்த நகைக்கடைப் பொடியன் என் இலையில் ரசம் இல்லாததைக் கண்டு, பரிமாறுகிறவரை அவனே கூப்பிட்டு, "அக்காவுக்கு ரசம்" என்று சொல்லிவிட்டுத் தன் போனைப் பார்க்கப் போய்விட்டான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

நவம்பர் 7, வியாழன் – டி.ஆர். விஜேவர்தன மாவத்தை

காலையில் அஞ்சல் தலைமையகம். முத்திரைப் பணியகத்தில் இருந்த அம்மா முதலில் சிங்களத்தில் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். புதிதாக வந்தவற்றைத் தட்டுத் தட்டாக எடுத்துக் காட்டினார். விளையாட்டு என்று கேட்டதும் கிரிக்கெட் மட்டையைத்தான் முதலில் தேடினார். இந்த நாட்டில் அது நியாயம்தான். திருச்சியில் எனக்கொரு மாற்று நண்பர் இருக்கிறார். நான் இலங்கை முத்திரை ஒட்டி அனுப்புவேன், அவர் இந்திய முத்திரை ஒட்டி அனுப்புவார். அவருக்காக 600 ரூபாய்க்குப் பறவைகளும் பூக்களும் வாங்கினேன். மூட்டையாக வாங்குவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, அந்த 600 ரூபாய்க்கும் மெழுகுத்தாள் உறை ஒன்று போட்டு, மடியாமல் இருக்க ஒரு அட்டையும் வைத்துத் தந்தார்.

அருங்காட்சியகத்தையும் எட்டிப் பார்த்தேன். இலங்கையின் முதலாவது முத்திரை 1857 ஏப்ரல் முதலாம் திகதி வந்த ஆறு பென்ஸ். அரை மணி நேரம் போதும் என்று நினைத்துப் போய் ஒன்றேகால் மணி நேரம் நின்றேன்.

வெளியே வந்தால் அதே வீதியில் மருதானைப் பக்கமாகப் பழைய புத்தகக் கடைகள். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் "பரண முத்தர தியெனவாத?" என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டு, "பழைய முத்திரை இருக்கு, வாங்க" என்று தமிழில் பதில் சொன்னார். ஒரு சப்பாத்துப் பெட்டியைத் தந்தார். பெட்டி முழுக்க உறையில் இருந்து வெட்டியெடுத்த மூலைகள். எனக்கு இது பார்க்கப் பார்க்க வயிற்றைப் பிசையும் விஷயம். நல்ல விமானத் தபால் உறை, ஓரத்தில் சிவப்பும் நீலமும் கோடு, எந்த ஊரில் இருந்து எந்த ஊருக்கு, எந்தத் திகதி, எத்தனை சதம் – எல்லாத்தையும் குப்பையில் போட்டுவிட்டு மூலையை மட்டும் வைத்திருப்பார்கள். பேரைக் கிழித்தெறிந்துவிட்டுப் படத்தை மட்டும் வைத்திருக்கிற கலியாணக் கார்டு மாதிரி.

ஆனால் பெட்டியின் அடியில் முழுசாக ஒரு உறை. அமெரிக்காவில் இருந்து கொழும்பு 7க்கு, 1980 பெப்ரவரி. 31 சத விமானத் தபால் முத்திரை, அதில் உயரம் பாய்கிற ஒருவர்.

இந்த முத்திரைக்கு ஒரு கதை உண்டு. மொஸ்கோ ஒலிம்பிக்கை முன்னிட்டு அமெரிக்கா 1979 நவம்பர் முதலாம் திகதி இதை வெளியிட்டது. அடுத்த மாதமே சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் போயின. போட்டியைப் புறக்கணிப்பதாக ஜனாதிபதி கார்ட்டர் அறிவித்தார். 1980 மார்ச்சில் ஒலிம்பிக் முத்திரைகளின் விற்பனையைத் தபால் துறை நிறுத்தியது. பிறகு மீண்டும் விற்றார்கள். ஆக, இந்த உறை விற்பனை நிற்பதற்குச் சற்று முன்னால் பறந்து வந்தது. அப்போது வெளிநாட்டுக்கு அரை அவுன்ஸ் கடிதத்துக்கு 31 சதம். யாரோ ஒருவர் அரசியலையோ ஒலிம்பிக்கையோ யோசிக்காமல், விலை சரியாக இருக்கிறது என்று வாங்கி ஒட்டியிருக்கிறார். எனக்கு வேண்டியது அதுதான். 150 ரூபாய் என்றார், பேரம் பேச வெட்கமாக இருந்தது.

திரும்பும்போது பிடித்தது பாருங்கள் மழை. ஓட்டோவின் பக்கத்துப் படங்கு கிழிந்திருந்தது. கொள்ளுப்பிட்டி தாண்டும்போது பக்கத்தில் வந்த பஸ் ஒன்று தேங்கி நின்ற தண்ணீரை அப்படியே அள்ளி எறிந்தது. மடியில் இருந்த பை நனைந்துவிட்டது. மெழுகுத்தாள் உறைக்குள் இருந்த பறவைகள் தப்பின. அமெரிக்க உறைதான் மாட்டிக்கொண்டது. முகவரி எழுதியிருந்தது ஊற்றுப்பேனையால். நீல மை கரைந்து கொழும்பு 7 ஒரு குளமாகிவிட்டது. ஓட்டோக்காரர் வண்டியை ஓரமாக நிறுத்தி, இருக்கைக்குக் கீழே இருந்து நேற்றைய பத்திரிகையை எடுத்துத் தந்து, "உரசாதீங்க, ஒத்தி எடுங்க" என்றார். சரியான யோசனை. மீற்றரில் 470 காட்டியது. நானூறு போதும் என்று மிச்சத்தைத் திருப்பித் தந்தார். படங்கு கிழிந்தது தன்னுடைய குற்றமாம்.

இரவு மச்சாளின் பிள்ளைகளோடு காலி முகத்திடல். மழை விட்ட பிறகு கடற்காற்று உப்பாக அடித்தது. இறால் வடை 120 ரூபாய், மேலே மூன்று இறால், அதில் ஒன்று பெயருக்கு. காரம் காதுவரை ஏறியது. இன்னொன்று வாங்கினேன்.

நவம்பர் 8, வெள்ளி – கொட்டாஞ்சேனை

காலையில் திருச்சிக்காரருக்குக் கடிதம் போட ஒரு சின்னத் தபாலகத்துக்குப் போனேன். "கொஞ்சம் மெதுவாக, வடிவாகச் சீல் குத்தித் தாறீங்களா? முத்திரை சேர்க்கிறவருக்குப் போகுது" என்று கேட்டேன். உள்ளே இருந்தவர் தலையை ஆட்டிவிட்டு, ஓங்கி ஒரு குத்து. பறவையின் தலை காணாமல் போயிற்று. இரண்டாவது கடிதத்துக்கு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், சீலை ஒரு கடதாசியில் ஒற்றிப் பார்த்து, மையைக் குறைத்து, ஓரத்தில் மட்டும் வட்டமாகப் பதித்தார். வரிசையில் பின்னால் நின்ற பெரியவர் கழுத்தை நீட்டி அதைப் பார்த்து, "இது நல்லா இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். அவருக்கு ஓய்வூதிய அலுவல். பத்து நிமிடம் அவரைப் பிந்த வைத்தும் ஒரு சிணுக்கம் இல்லை.

மாஸ்ரர் வீடு கோவிலுக்குப் பக்கத்து ஒழுங்கையில், பழைய ஓட்டு வீடு. கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். பின்னேரங்களில் பிள்ளைகளை மைதானத்தில் ஓடவிட்டவரும் அவர்தானாம். வாசலில் நிற்கும்போதே, "பிள்ளை யாழ்ப்பாணத்தில எவ்விடம்?" என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு என் பெரியப்பாவின் சம்பந்தி வரைக்கும் போய்த்தான் உள்ளே கூப்பிட்டார்.

அவருடைய உறைகள் இருப்பது ஒரு இரும்பு அலுமாரியில். அலுமாரிக்குள் சின்ன மின்குமிழ் ஒன்று எப்போதும் எரிகிறது. கொழும்பு ஈரத்துக்கு அதுதான் மருந்து என்றார். முத்திரையின் பசை இந்தக் காற்றில் தானாகவே இளகி ஒட்டிக்கொள்ளும், காகிதத்தில் பழுப்புப் புள்ளி வரும், வந்தால் பக்கத்தில் இருப்பதற்கும் பரவும். பிளாஸ்டிக் அல்பம் எதையும் அவர் தொடுவதில்லை. பீவீசி தாள் நாள்போக்கில் எண்ணெய்போல் கசிந்து முத்திரையைக் கெடுக்கும். எல்லாம் மெழுகுத்தாளில், பெட்டியில், நிமிர்த்தி அடுக்கி. கை கழுவச் சொன்னார், துடைக்க ஒரு வெள்ளைத் துவாய் தந்தார். பிறகுதான் முதலாவது பெட்டி திறந்தது.

1948. லண்டன். ஆறு பென்ஸ் ஏர் லெட்டர், அதாவது மடித்தால் உறையாகிற விமானக் கடிதத் தாள், மேலேயே ஒலிம்பிக் முத்திரை அச்சடித்தது. வெம்பிளிப் போட்டிக்கு பிரித்தானியா வெளியிட்ட நான்கு முத்திரைகளும் இன்னொரு உறையில்: இரண்டரைப் பென்ஸ், மூன்று, ஆறு, ஒரு ஷில்லிங். ஒலிம்பிக்குக்கு இலங்கை போனது அதுதான் முதல் முறை. டங்கன் வைட் 400 மீற்றர் தடை ஓட்டத்தில் 51.8 செக்கனில் ஓடி வெள்ளி வாங்கினார். அமெரிக்கர் ரோய் கொக்ரன் 51.1. அடுத்த பதக்கத்துக்கு இந்த நாடு 2000ஆம் ஆண்டு சிட்னி வரை காத்திருந்தது. சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரில் எடுத்த வெண்கலம், மரியன் ஜோன்ஸின் பதக்கம் பறிக்கப்பட்ட பிறகு வெள்ளியாயிற்று.

"இந்த ஏர் லெட்டரை எழுதினவர் ஒரு மாணவன். ஒலிம்பிக்கைப் பற்றி உள்ளுக்க என்ன எழுதியிருக்கிறான் எண்டு பார்" என்றார் மாஸ்ரர். பார்த்தேன். ஒன்றுமே இல்லை. ரேஷன், குளிர், காசு அனுப்பச் சொல்லி அப்பாவுக்கு ஒரு பக்கம். கடைசியில் 'அம்மாவுக்கு என் அன்பு'. மாஸ்ரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். போட்டி நடந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு சொல்கூட எழுதவில்லையே என்பதுதான் அவருக்கு அந்த உறையில் பிடித்த விஷயம்.

பிறகு இன்னொன்று எடுத்தார். ஒலிம்பிக் இல்லை, ஆனால் எனக்குக் காட்டவேண்டும் என்றார். 1947 டிசம்பர் 10. எயார் சிலோனின் முதலாவது பறப்பு, இரத்மலானையில் இருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு. டிசி-3 விமானம். அன்றைய திகதிச் சீலோடு ஒரு சாதாரண உறை, பெறுநர் முகவரி சென்னை ஜோர்ஜ் டவுன். என் ஊருக்கு மேலால் பறந்து போன கடிதம். கையில் வைத்திருந்தேன். அவர் திருப்பிக் கேட்கும் மட்டும் கொடுக்கவில்லை.

பத்தரைக்கு அன்ரி கோப்பியும் சுடச்சுட உளுந்து வடையும் கொண்டுவந்தார். "வடையை வைச்சிட்டுத் தொடு" என்று மாஸ்ரர் கத்தினார். மறுபடி கை கழுவல்.

உயரம் பாய்தல் என்று நான் சொன்னதும் அவர் ஒரு பெயர்தான் சொன்னார்: எதிர்வீரசிங்கம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிப் பழைய மாணவர். 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்பேர்ன் இரண்டு ஒலிம்பிக்கிலும் இலங்கைக்காகப் பாய்ந்தார். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம்; ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு அதுதான் முதல் தங்கம். அமெரிக்கர் ஃபொஸ்பரி 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் முதுகைக் கம்புக்குக் காட்டிப் பாய்ந்து 2.24 எடுப்பதற்குப் பத்து வருடம் முந்தி. அந்தக் காலத்தில் பாய்ந்தவர்கள் விழுந்தது மெத்தையில் இல்லை பிள்ளை, மணலில், என்று மாஸ்ரர் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார்.

அப்புறம்தான் நான் வந்த சாமான் வெளியே வந்தது. மெல்பேர்ன், 1956 நவம்பர். ஒலிம்பிக் கிராமத்துத் தபாலகச் சீல். முத்திரைகள்: மெல்பேர்ன் நகரச் சின்னம் போட்ட நாலு பென்ஸ், தீப்பந்தம் போட்ட ஏழரைப் பென்ஸ், யாரா நதிக்கு அந்தப் பக்கம் நகரம் தெரிகிற இரண்டு ஷில்லிங். பதிவுத் தபால். முகவரி யாழ்ப்பாணம். பெயரை இங்கே எழுதமாட்டேன், அந்தக் குடும்பம் இப்போதும் அங்கேதான் இருக்கிறது. திருப்பினால் கொழும்புச் சீல், யாழ்ப்பாணச் சீல் இரண்டும். சாதாரண விமானக் கடிதங்களுக்குப் பின்னால் சீல் குத்துவது அந்த நாட்களில் அருகிவிட்டது. பதிவுத் தபால் என்பதால் ஒவ்வொரு இடத்திலும் குத்தியிருக்கிறார்கள். அனுப்பியவர் யார்? வீரரா, அதிகாரியா, சும்மா பார்க்கப் போனவரா? உள்ளே கடிதம் இல்லை.

"விலை சொல்லுங்கோ மாஸ்ரர்."

"விலை இல்லை."

கேட்டுப் பார்த்தேன், சுற்றி வளைத்துக் கேட்டேன், மாற்றாக என்னிடம் இருக்கிற 1896 கிரேக்க முத்திரை இரண்டைத் தருகிறேன் என்றும் சொன்னேன். அது மனிசனை அசைக்கவில்லை. "அது காசு இருக்கிற எவனும் ஏலத்தில வாங்கலாம்" என்றார். சொன்னது உண்மைதான், அதனால்தான் கோபம் வந்தது.

என்னைச் சமாதானப்படுத்தவோ என்னவோ, ஜெர்மன் கதையைச் சொன்னார். 1980 மொஸ்கோ ஒலிம்பிக்குக்காக மேற்கு ஜெர்மனி ஒரு முத்திரை அடித்து வைத்திருந்தது, 60 பெனிக்கும் மேலே 30 பெனிக் நன்கொடையும். நாடு போட்டியைப் புறக்கணித்ததால் முத்திரை வெளிவரவில்லை, எல்லாத்தையும் அழித்தார்கள். தபால் அமைச்சர் குர்ட் க்ஷைட்லவிடம் மட்டும் மாதிரித் தாள்கள் இருந்தன. அவருடைய மனைவிக்கு இந்தச் சங்கதி தெரியாது. வீட்டில் கிடந்த முத்திரைதானே என்று கடிதங்களில் ஒட்டித் தபாலில் போட்டுவிட்டார். அப்படிப் போனதில் கண்டுபிடிக்கப்பட்டவை இருபத்துச் சொச்சம். ஒவ்வொன்றும் ஏலத்தில் பல ஆயிரம் யூரோ. "அமைச்சர் ஒட்டேல்ல. மனிசி ஒட்டினா" என்று அன்ரியைப் பார்த்துச் சொன்னார். அன்ரி காதில் விழாததுபோல் வடைத் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

நனைந்த அமெரிக்க உறையைக் காட்டினேன். ஒற்றுத்தாள் இரண்டுக்கு நடுவில் வைத்து, மேலே கணிதப் புத்தகங்களை ஏற்றினார். முகவரி வராது, சீலும் முத்திரையும் நிற்கும் என்றார். பிரிந்திருந்த முத்திரை மூலையை ஒட்டலாமா என்று கேட்டதற்கு, கண்ணாலேயே ஒரு அடி. "நனைஞ்சது நனைஞ்சதாகவே இருக்கட்டும். எங்க நனைஞ்சது எண்டு ஒரு துண்டில எழுதி வை."

மத்தியானம் மீன் குழம்பும் முருங்கைக்காயும். வேண்டாம் என்று சொல்ல இடமே தரவில்லை.

நவம்பர் 9, சனி – மறுபடி புறக்கோட்டை

தேர்தல் நேரம். பழைய துண்டறிக்கைகள் மழையில் ஊறித் தெருவோடு ஒட்டிக் கிடந்தன. ஒரு ஒலிபெருக்கி வாகனம் மூன்று மொழியிலும் கத்திக்கொண்டு எங்களைவிட மெதுவாக நகர்ந்தது. செவ்விளநீர் 150 ரூபாய், வெட்டினவர் வழுக்கையையும் சுரண்டித் தந்தார்.

நானா சொன்னபடி உறைகளைக் கொண்டுவந்திருந்தார். சவர்க்காரப் பெட்டியில் நாற்பது ஐம்பது இருக்கும். பாதி வியாபாரக் கடிதங்கள்: தேயிலைக் கொம்பனி, வங்கி, கப்பல் முகவர். ஒவ்வொன்றாகப் புரட்டினேன். முன்பக்கம் வாடிக்கையாளர் ஒருவர் கடிகாரப் பட்டிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கும் பொழுது போக வேண்டுமே, நான் எடுக்கிற ஒவ்வொரு உறையையும் எட்டிப் பார்த்து "இது அழகு", "இது ஊத்தை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அழகு என்று சொன்னதெல்லாம் பெரும்பாலும் சீலே படாதவை.

டோக்கியோ கிடைத்தது. 1958 மே, ஆசிய விளையாட்டு விழாவுக்கு ஜப்பான் வெளியிட்ட நான்கில் இரண்டு, தீப்பந்தம் போட்ட 10 யென்னும் சுழியோடுகிற பெண் போட்ட 24 யென்னும், வேறு சாதாரண முத்திரைகளோடு கலந்து. விமானத் தபால். முகவரி புறக்கோட்டையில் ஒரு துணிக் கம்பனி. உள்ளே கடிதமும் இருந்தது, தட்டச்சில்: சாறித் துணி அனுப்பத் தாமதமாவதற்கு மன்னிக்கவும், விழாவால் நகரம் நெரிசலாக இருக்கிறது. எதிர்வீரசிங்கம் பாய்ந்த அதே கிழமைகளில் எழுதியது. கையில் எடுத்ததும் எனக்கு நெஞ்சு அடித்தது. அதை நானாவும் கண்டுவிட்டார் என்பதுதான் சிக்கல்.

"ஆறாயிரம்."

"நானா!"

"முத்திரைக்கு ஐநூறு. கடிதத்துக்கு மிச்சம். நீங்கதானே உறையோட வேணும் எண்டீங்க."

நாலாயிரம் கேட்டேன். ஐயாயிரம் என்றார். கடிகாரப் பட்டிக்காரர் நடுவில் புகுந்து "நாலரை" என்றார், அவரை யாரும் கேட்கவில்லை. நானா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மாஸ்ரர் நேற்று இரவு போன் எடுத்ததாகச் சொன்னார்: யாழ்ப்பாணத்துப் பிள்ளை வரும், சாமான் தெரிந்த ஆள், கூட வாங்காதே என்று. "அவர் எனக்கு வியாபாரம் கெடுக்கிறதே வேலை." மூவாயிரத்து ஐநூறுக்குத் தந்தார். அஜ்மான் டின்னில் இருந்து உயரம் பாய்கிற ஒன்றையும் சும்மா போட்டார். பசை மினுங்கும் சாமான்தான், இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

உறையை மெழுகுத்தாளில் சுற்றி, அதை ஒரு பழைய கலண்டர் அட்டைக்குள் வைத்து, அதைப் பொலித்தீன் பைக்குள் போட்டு, மேலே றப்பர் வளையம் மாட்டினார். இனி எந்த பஸ் தண்ணீர் அடித்தாலும் பயமில்லை. காசை எண்ணி மேசைக்குள் போட்ட பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மிஸ், ஊரில பழைய ஆக்கள்ட பெட்டிகளைப் பாருங்க. 1947 டிசம்பர், இரத்மலானை – காங்கேசன்துறை, முதல் பிளைட் உறை. ஒன்று கிடைச்சா முதல்ல எனக்கு. நல்ல விலை தருவன்."

"மாஸ்ரரிட்ட ஒன்று இருக்கே."

"தெரியும். பன்னிரண்டு வருஷமாக் கேக்கிறன். அதனாலதான் சொல்றன், கிடைச்சா அவருக்குச் சொல்லாதீங்க."